அது தண்ணி இல்லை

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

பேட்டரிச் சரக்கை மற்ற சரக்கோடு பேலட்டில் ஏற்றுவது எப்படி என்று உங்களுக்குக் கொஞ்ச நேரம் பேசச் சொன்னார்கள். எனக்குப் பேச்சு வராது, கோபம்தான் வரும். நான் பேச ஆரம்பித்தால் உங்களில் யாராவது ஒருவர் கைப்பேசியை எடுத்துப் பார்ப்பார், நான் திட்டுவேன், விஷயம் பாதியில் நிற்கும். அதனால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். படித்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

கோடௌனில் பழைய ஆட்கள் என்னை ‘ஆசிட் ஐயா’ என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வாயைத் திறந்தால் எரியும், அதனால் அந்தப் பெயர் என்று விளக்கமும் சொல்லியிருப்பார்கள். என் வாய் அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் பெயர் வந்த கதை வேறு. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இத்தனை வயதாகியும் அந்த வெட்கம் ஒரு துளி குறையவில்லை.

சட்டத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன், அது சுலபம். ஆசிட் ஊற்றிய பேட்டரி எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். மூடிகளை ஒவ்வொன்றாகக் கையால் திருகிப் பார்க்க வேண்டும், கண்ணால் பார்த்தால் போதாது. இரண்டு முனைகளையும் அட்டை வைத்து மூட வேண்டும், இல்லாவிட்டால் ஏதாவது இரும்புச் சாமான் உரசித் தீப்பொறி பறக்கும். பட்டை போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். அதற்கு மேலே எதையும் ஏற்றக் கூடாது. அதையும் எதற்கு மேலேயும் ஏற்றக் கூடாது. மனிதன் வாயில் போடுவது, உடம்பில் போடுவது எதுவும் அதே பேலட்டில் கூடாது. வெளியே ஆசிட் என்று பெரிதாக எழுத வேண்டும். ஒழுகினால் வண்டியை நிறுத்தி சோடா உப்பைக் கொட்ட வேண்டும். ஒழுகியது யார் சரக்கின் மேல் பட்டதோ, அவர்களிடம் இன்னது பட்டது என்று பெயரைச் சொல்ல வேண்டும்.

இதில் கடைசியாகச் சொன்னதை மட்டும் எந்த போர்டிலும் நான் பார்த்ததில்லை. மற்றதெல்லாம் உங்கள் மேற்பார்வையாளரே சொல்லித் தருவார்.

எழுபதுகளின் கடைசி அது. கொடைக்கானலில் இருந்த நம் பார்சல் லாரி ஆபீசுக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். மலைக்கு வரும் சரக்கெல்லாம் வத்தலக்குண்டு கோடௌனில் ஏறி, டம் டம் பாறை, பெருமாள்மலை என்று வளைந்து வளைந்து மேலே வரும். மழையும் பனியுமாக லாரியின் தளம் எந்நேரமும் நசநசவென்று இருக்கும். சரக்கு அதில் படாமல் இருக்க மரச்சட்டத்தில் அடித்த தட்டுகளைப் போட்டு அவற்றின் மேல் அடுக்குவோம். இன்று நீங்கள் பேலட் என்று சொல்வதுதான், இயந்திரம் தூக்காது, நாங்கள் தூக்க வேண்டும்.

மேலே குடியிருப்பவர்களுக்கு ஈரம் ஒரு செய்தியே இல்லை. துவைத்த சட்டை காயாது. தீப்பெட்டி நமுத்துப் போகும். ஜாடியில் உப்பு கரைந்து நிற்கும். மூட்டை ஈரமாக வந்து இறங்கினால் ஏன் என்று ஒருவரும் கேட்க மாட்டோம். நான் செய்த தப்பைக் கீழே மதுரையிலோ திண்டுக்கல்லிலோ இருக்கிற ஒருவன் செய்திருக்க மாட்டான். அந்த வெயிலில் ஈர மூட்டையைப் பார்த்தால் முதலில் மோந்து பார்த்திருப்பான்.

அந்த ஜூன் மாதம் டாக்ஸி ஸ்டாண்டுக்காரர்கள் என் உயிரை வாங்கினார்கள். மேலே கரண்ட் ஒழுங்காக நிற்காததால் தங்கள் பேட்டரிகளைக் கீழே சார்ஜ் ஏற்ற அனுப்பியிருந்தார்கள். சார்ஜ் ஆகிவிட்டது, இன்னும் வந்து சேரவில்லை. வெள்ளனே ஆபீசைத் திறந்தால் வாசலில் நிற்பார்கள். நான் வத்தலக்குண்டுக்கு போன் போட்டேன். லோடு நிறைந்துவிட்டது, நாளைக்குத்தான் இடம் என்றார்கள். நசுங்காமல் மேலே வைத்து இன்றைக்கே அனுப்பு என்றேன். பேட்டரியின் மேல் பாரம் ஏறக் கூடாது என்கிற பாதிச் சட்டம் எனக்குத் தெரியும். மீதிப் பாதியும் தெரியும். டாக்ஸிக்காரர்கள் என் முகத்துக்கு நேரே நின்று கத்தும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை.

சார்ஜ் போடும்போது பேட்டரியின் மூடிகளைக் கழற்றி வைப்பார்கள். திரும்ப மாட்டியவர்கள் சரியாகத் திருகவில்லை. சமவெளியாக இருந்தால் ஒருவேளை தப்பித்திருக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் லாரி ஒருச்சாய்ந்து ஏறியதில் இரண்டு பேட்டரிகள் சாய்ந்துவிட்டன. அவற்றுக்குக் கீழே, அதே தட்டில், ஒரு துணிமூட்டை இருந்தது.

அந்த மூட்டை பாக்கியத்துக்கு வந்தது. பாக்கியம் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்தவள். அட்டுவம்பட்டியில் ஒரு தகர வீட்டில் இருந்தாள். புருசனுக்குத் தோல் பதனிடுகிறவர்களுக்காக வாட்டில் மரத்தில் பட்டை உரிக்கிற வேலை, மழைக்காலத்தில் அதுவும் கிடையாது. சிலோனிலிருந்து கொண்டுவந்த கைத் தையல் மெஷின் ஒன்று அவளிடம் இருந்தது. ஊரில் ஜாக்கெட், பாவாடை என்று தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு, ஒரு பெரிய விடுதிப் பள்ளிக்கூடம் சின்ன வகுப்புப் பெண்பிள்ளைகளின் யூனிபாரம் பாவாடைகளைக் கொடுத்துப் பார்த்தது. துணியை அவர்களே மதுரையில் வாங்கி அவள் பெயருக்கு எங்கள் லாரியில் அனுப்பியிருந்தார்கள். இது நன்றாக அமைந்தால் மொத்தப் பள்ளிக்கூடத்தின் தையலும் அவளுக்கு என்று பேச்சு. இதை அவளே பலமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாள். மூட்டை வந்துவிட்டதா என்று கேட்க அவள் ஆபீசுக்கு நடந்த நடைக்கு அளவில்லை.

லோடு இறக்கும்போது சுப்பையா என்கிற லோடுமேன் மேலே நின்று குரல் கொடுத்தான்.

“ஐயா, ரெண்டு பேட்டரி சாஞ்சு கெடக்கு. பேட்டரித் தண்ணி கொட்டி மூட்டை நனைஞ்சிருக்கு.”

“தண்ணிதானலே. வெரசா எறக்கு” என்றேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நம் ஊரில் பேட்டரியில் மாதம் ஒருதரம் ஊற்றுகிற நல்ல தண்ணீருக்கும் பேட்டரித் தண்ணி என்றுதான் பெயர். உள்ளே கிடக்கிற ஆசிட்டுக்கும் அதே பெயர்தான். அன்றைக்கு அதே லோடில் நல்ல தண்ணீர் கேன்களும் வந்திருந்தன. சுப்பையா எதைச் சொன்னான் என்று மேலே ஏறிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. எனக்கு வசதியான அர்த்தத்தை எடுத்துக்கொண்டேன். டாக்ஸிக்காரர்கள் பேட்டரிகளைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களுக்கு அவசரம்.

பாக்கியம் வந்தாள். மூட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

“ஐயா, இது என்னத்துக்கு இவ்வளவு ஈரமா இருக்கு?”

“மழைல வந்த வண்டிம்மா. தண்ணிதான்.”

“ஒருக்கா அலசிப் போட்டுறவா?”

“இந்தப் பனியில அலசுனா எப்பக் காயும்? அடுப்படியில விரிச்சுப் போடுங்க, போதும்.”

அவள் கேட்டது சரியான கேள்வி. அன்றைக்கே பச்சைத் தண்ணீரில் ரெண்டு தரம் அலசியிருந்தால் பாதித் துணியாவது பிழைத்திருக்கும். வேண்டாம் என்று சொன்னவன் நான். பெரிய உபகாரி மாதிரி அந்த மூட்டையை நானே தூக்கிக்கொண்டுபோய் அட்டுவம்பட்டி பஸ்ஸில் ஏற்றியும் விட்டேன். இருந்தால் உங்கள் மாதிரி இருக்க வேண்டும் ஐயா என்று அவள் சொன்னாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மணிக்கட்டு லேசாக அரித்தது. குளிர் என்று நினைத்துத் தேய்த்துவிட்டுக்கொண்டேன்.

நாலைந்து நாள் கழித்து என் வீட்டுக்காரி, மூட்டை தூக்கிய அன்று நான் ஸ்வெட்டருக்குள்ளே போட்டிருந்த சட்டையைத் துவைத்து அடுப்புக்கு மேலே கொடியில் போட்டாள். எடுக்கும்போது வலது கைப்பட்டியில் பாதி அவள் கையோடு வந்துவிட்டது. ஓரமெல்லாம் பழுப்பாகிப் பொத்தல் பொத்தலாக இருந்தது. எலி கடித்திருக்கிறது என்று சொல்லி, வீட்டில் எலி இருக்கிறதைக்கூடப் பார்க்காத மனுசன் என்று என்னைத் திட்டினாள். பேட்டரி தூக்குகிற ஆட்களின் வேட்டியில் அந்தப் பொத்தலை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். பார்த்த அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்றைக்கே பாக்கியத்திடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. முதலாளிக்கு போன் போட்டேன். அவர் பதறவில்லை, கோபப்படவும் இல்லை. “யாராச்சும் வந்து கேட்டாங்களா? கேக்காத கேள்விக்கு நீ ஏன்ப்பா பதில் சொல்றே?” என்றார். சரக்கு அனுப்புகிறவர் பொறுப்பில்தான் வருகிறது, நமக்கு ஒன்றுமில்லை என்றார். பேட்டரியை மேலே வைக்கச் சொன்னது யார் என்றும் கேட்டார். நான்தான் என்றேன். அப்படியானால் பேசாமல் இரு என்று வைத்துவிட்டார். எனக்கு அப்போதுதான் அந்தப் பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள். பிடுங்கிவிடுவார்களோ என்று பயம். அந்தப் பயத்துக்கு முதலாளியின் பேச்சு நல்ல போர்வையாகக் கிடைத்தது.

அதற்குப் பிறகும் எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. அட்டுவம்பட்டியில் வேறொருவருக்குப் பார்சல் கொடுக்கப் போனவன், அவள் வீட்டைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. மெஷின் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்துவிட்டாள்.

“ஐயா, ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுத்தான் போகணும்” என்றாள்.

உள்ளே உட்கார்ந்தேன். தைத்து முடித்த பாவாடைகள் கொடியில் வரிசையாகத் தொங்கின, மடிப்பெல்லாம் கத்தி போல. பாக்கியத்தின் சின்ன மகள் சாந்தி, அதே துணியில் ஒரு பாவாடை போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். வெட்டியதில் விழுந்த மிச்சத் துண்டுகளை ஒட்டுப் போட்டுத் தைத்தது, பள்ளிக்கூடத்து அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன் என்று பாக்கியம் அவசரமாகச் சொன்னாள். நான் கேட்கவே இல்லை, அவளாகவே சொன்னாள். தோட்டத்திலிருந்து வந்தவர்கள் என்றால் ஊரில் எல்லோருக்கும் ஒரு சந்தேகக் கண் இருந்தது, அது அவளுக்குத் தெரியும்.

டீயைக் குடித்தேன். டம்ளரைக் கீழே வைத்தேன். அது ஆசிட் என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். எல்லாத் துணியிலும் பட்டிருக்காது, ஓரத்தில் மட்டும் பட்டிருக்கும், அதுதான் வெட்டும்போது போயிருக்குமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாவாடை நன்றாக இருக்கிறது என்று சாந்தியிடம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நெருக்கடியில் முடிவெடுப்பது பற்றி உங்களுக்கு வகுப்பெல்லாம் நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். தீப்பிடித்தால் என்ன செய்வது, வண்டி கவிழ்ந்தால் என்ன செய்வது என்று சொல்லித் தருவார்கள். தேவைதான். தீப்பிடித்தால் எவனும் ஓடிவருவான். என்னுடைய நெருக்கடி ஒரு டம்ளர் பால் இல்லாத டீயோடு வந்தது. பக்கத்தில் யாரும் கத்தவில்லை, யாரும் அவசரப்படுத்தவில்லை. அதில்தான் நான் தோற்றேன்.

பாவாடைகள் பள்ளிக்கூடத்துக்குப் போயின. பிள்ளைகள் போட்டுக்கொண்டார்கள். முதல் சலவைக்குப் போய் வந்ததும் எல்லாம் நைந்து, விரலை வைத்தால் கிழிந்தன. சலவைக்காரர் மேல் சந்தேகப்பட முடியவில்லை, ஏனென்றால் அதே தொட்டியில் போட்ட மற்றத் துணிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. விடுதியின் வார்டன் அம்மா ஒரே முடிவுக்கு வந்தார். நல்ல துணியைப் பாக்கியம் விற்றுவிட்டு, மக்கிப் போன பழைய துணியில் தைத்துக் கொடுத்துவிட்டாள் என்றார்.

பாக்கியம் அழுதிருக்கிறாள். துணி வரும்போதே ஈரமாக இருந்தது என்று சொல்லியிருக்கிறாள். அப்போது அவள் வாயில் வந்த பெயர் என் பெயர். லாரி ஆபீஸ் ஐயாவைக் கேளுங்கள், அவர் பொய் சொல்ல மாட்டார் என்றிருக்கிறாள்.

பள்ளிக்கூடத்து ஆள் திடீரென்று வந்து என்னைக் கூப்பிட்டான். அன்றைக்கு நான் போட்டிருந்தது அந்தப் பொத்தல் சட்டைதான். மழையில் மற்றச் சட்டைகள் காயவில்லை, மேலே ஸ்வெட்டர் போட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று போட்டுக்கொண்டு வந்திருந்தேன். கம்பளி நூலை ஆசிட் அவ்வளவு சீக்கிரம் தின்னாது. ஸ்வெட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை, அதற்குள்ளே இருந்த பருத்திச் சட்டைதான் போயிருந்தது. போகிற வழியெல்லாம் ஸ்வெட்டர் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டேன்.

வார்டன் அம்மாவின் அறையில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. மேசைமேல் கிழிந்த பாவாடைகள். பாக்கியம் சுவரோரமாக நின்றாள், சாந்தி இன்னும் சலவை காணாத அந்த ஒட்டுப் பாவாடையில், அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் பாக்கியத்தின் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

வார்டன் அம்மா மரியாதையாகத்தான் கேட்டார். இங்கே போலீஸுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு பண்ண வேண்டியிருக்கிறது, அதனால் யோசித்துச் சொல்லுங்கள் என்றார். மூட்டை உங்களிடம் வரும்போது எப்படி இருந்தது?

“லேசா ஈரமா இருந்துச்சுங்க” என்றேன்.

“எதனால ஈரம்?”

“மழைக் காலம் பாருங்க. தண்ணிதாங்க.”

மறுபடியும் அதே வார்த்தை. முன்னே தெரியாமல் சொன்னேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இந்தத் தடவை அந்தச் சாக்கும் கிடையாது. தண்ணீர் பட்டு எந்தத் துணியும் இப்படிப் போகாது என்று வார்டன் அம்மாவுக்கும் தெரியும். ஆக, என் ஒரு சொல்லில் பாக்கியம் திருடியாகிவிட்டாள். வார்டன் அம்மா எனக்கு நன்றி சொன்னார். அவளை வெளியே போய் நிற்கச் சொன்னார்.

நானும் வெளியே வந்தேன். வராந்தாவில் பனி புகுந்து எதிர்ச்சுவர்கூடத் தெரியவில்லை. சாந்தி காலைச் சொறிந்துகொண்டே நின்றாள். பாக்கியம் அவள் கையைத் தட்டிவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். என்னைத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் சத்தம் போட்டுத் தப்பித்திருப்பேன், என் புத்தி எனக்குத் தெரியும்.

“ஈரம் இருந்திச்சுன்னு சொன்னீங்களே ஐயா, அதுவே போதும்” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையையே பார்த்தாள். ஸ்வெட்டருக்கு வெளியே கைப்பட்டி நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. “சட்டைக் கை கிழிஞ்சு கிடக்கே ஐயா. நாளைக்குக் குடுத்து விடுங்க, நான் புதுசா பட்டி வச்சுத் தைச்சுத் தாறேன்.”

அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. மேசைமேல் கிடந்த பாவாடைகளையும் என் கைப்பட்டியையும் அவள் சேர்த்துப் பார்க்கவில்லை. ஆபீஸில் வேலை பார்க்கிற மனுசன் கிழிந்த சட்டையோடு திரிகிறானே என்று இரக்கப்பட்டாள், அவ்வளவுதான். அவளைப் போலீஸில் பிடித்துக்கொடுக்க என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லிவிட்டு வந்தவனுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறேன் என்கிறாள். தரை பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்று இருந்தது.

கதவைத் தட்டாமலே உள்ளே போனேன். ஸ்வெட்டரைக் கழற்றினேன். கையை நீட்டி, மேசைமேல் பாவாடைக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் ஒரே பழுப்பு, ஒரே பொத்தல்.

“அது தண்ணி இல்லீங்க. ஆசிட்டு. எங்க லாரியில பேட்டரி கொட்டிருச்சு. மேல வைக்கச் சொன்னவன் நான்தான்” என்றேன்.

வார்டன் அம்மா அந்தக் கைப்பட்டியைத் தொட்டுப் பார்த்தார். இதைச் சற்று முன்னால் சொல்ல உங்களை எது தடுத்தது என்று கேட்டார். இந்தக் கதையைக் கேள்விப்பட்டு, ஆசிட் ஐயா எவ்வளவு நேர்மையான ஆள், தானாகப் போய் ஸ்வெட்டரைக் கழற்றிக் காட்டினார் என்று பின்னாளில் யாராவது உங்களிடம் சொன்னால், தயவுசெய்து இந்தக் கேள்வியையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

அவர் எழுந்து வராந்தாவுக்கு வந்தார். பாக்கியத்தின் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று அவளிடமே சொன்னார், வருத்தமும் தெரிவித்தார். நல்ல மனுசிதான். பாக்கியம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அவளுக்குச் சந்தோசம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை. என்னையே பார்த்தாள்.

“அப்ப அது தண்ணி இல்லீங்களா?”

“இல்லம்மா. ஆசிட்டு.”

“மேல பட்டா என்ன பண்ணும் ஐயா?”

“அரிக்கும். புண்ணாக்கும்.”

அவள் அப்படியே தரையில் குந்தினாள். சாந்தியைப் பக்கத்தில் இழுத்துப் பாவாடையைத் தூக்கிப் பார்த்தாள். இடுப்பிலும் தொடையிலும் பட்டை பட்டையாகச் சிவந்து, சொறிந்த இடமெல்லாம் தோல் உரிந்திருந்தது. ஓரத்தில் விழுந்த மிச்சத் துண்டுகளில்தான் ஆசிட் அதிகமாக ஊறியிருந்தது.

“அரிக்குதும்மா, இந்தப் பாவாடை வேண்டாம்மான்னு சொல்லிச்சு” என்றாள் பாக்கியம். குரல் உயரவே இல்லை. “புதுத் துணி போட்டுக்கக் குடுத்து வைக்கணும்டி, பொய் சொல்றியான்னு அடிச்சேன் ஐயா. தினம் அடிச்சுத்தான் போட்டுவிட்டேன்.”

அங்கேயே அந்தப் பாவாடையை அவிழ்த்து வீசினாள். பிள்ளை குளிரில் நடுங்கியது. என் கையில் கழற்றிய ஸ்வெட்டர் இருந்தது. அதைப் போர்த்தலாம் என்று நீட்டினேன். நீட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. அந்த ஸ்வெட்டரும் அன்றைக்கு அந்த மூட்டையைத் தூக்கியபோது போட்டிருந்ததுதான், அதன் கையிலும் அது ஊறியிருக்கும். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். நான் ஏன் கொடுக்க வந்து இழுத்துக்கொண்டேன் என்று சாந்திக்குப் புரியவில்லை, என்னைப் பார்த்து விழித்தாள். வார்டன் அம்மா உள்ளே ஓடிப்போய் ஒரு போர்வை கொண்டுவந்து சுற்றினார்.

பிள்ளைக்குப் புண் ஆறிவிட்டது. ஆனால் அடுத்த யூனிபாரம் வேலையைப் பள்ளிக்கூடம் அதற்குள்ளேயே மதுரையில் ஒரு கடைக்குக் கொடுத்து முடித்திருந்தது. அது பாக்கியத்துக்குத் திரும்ப வரவே இல்லை. கொஞ்ச காலத்தில் அந்தக் குடும்பம் வடகவுஞ்சிப் பக்கம் காட்டு வேலைக்குப் போய்விட்டது. என் பொறுப்பை முதலாளி பிடுங்கவில்லை. நான் எதற்குப் பயந்தேனோ அது நடக்கவே இல்லை. நடந்திருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பள்ளிக்கூடத்தில் உண்மையைச் சொன்ன மறுநாள் லோடு வந்தது. சுப்பையா வழக்கம்போல மேலே ஏறி நின்று, ஐயா, பேட்டரித் தண்ணி கேன் ரெண்டு இருக்கு, எங்க வைக்க என்று கேட்டான். எதுலே தண்ணி, ஆசிட்டா தண்ணியா, பேரைச் சொல்லித் தொலைலே என்று பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். பாவம், அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. அவன் அன்றைக்கே சரியாகத்தான் சொன்னான். எதற்குக் கத்துகிறேன் என்று தெரியாமல் மலங்க மலங்க விழித்தான். அன்று சாயந்தரமே ஆட்கள் எனக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த எல்லாக் கோடௌனிலும் அப்படித்தான் கத்தியிருக்கிறேன். பேட்டரித் தண்ணி என்று எவன் சொன்னாலும் கத்துவேன். உங்களில் யார் சொன்னாலும் இப்போதும் கத்துவேன். கோபம் உங்கள் மேல் இல்லை. அந்தப் பிள்ளை அரிக்கிறது என்று உண்மையைச் சொல்லிவிட்டுத் தினம் அடி வாங்கியது. தண்ணி என்று சொன்னவனுக்கு அவள் அம்மா டீ போட்டுக் கொடுத்தாள்.